புலிக்கு இரண்டு பக்கம்

கே: லட்ச ரூபாய் லென்ஸ் இல்லாமல் காட்டு விலங்குப் படம் எடுக்கவே முடியாதா? (சிவகாசி வாசகர்)

ப: இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் வெவ்வேறு கம்பெனிப் பாகங்களை ஒட்டுப்போட்டுத் தன் கேமராவைத் தானே செய்துகொண்டார். ‘சூப்பர் பாண்டரோசா’ என்று அதற்குப் பெயர் வேறு. யானை முதுகில் உட்கார்ந்து கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்களை இன்றைக்கும் கொண்டாடுகிறோம். உங்களுக்கு யானைச் செலவும் வேண்டாம். வீட்டு முருங்கை பூத்தால் தேன்சிட்டு வரும். ஒரு வாரம் கேமராவைத் தொடாமல் அதைப் பாருங்கள். எந்தக் கிளையில் முதலில் உட்காரும் என்று தெரிந்துவிட்டால் சாதாரண லென்ஸே போதும்.

கே: முதுமலையில் சஃபாரி போனோம். புலி வரவில்லை. காசு தண்டம்தானே? (மதுரை வாசகி)

ப: டிக்கெட் காசில் புலிக்குப் பங்கு தரவில்லையே. அது எதற்கு வேலைக்கு வரவேண்டும்?

கே: நாட்டில் இத்தனை புலி என்று அறிவிக்கிறார்களே, ஒரே புலியை இரண்டு தடவை எண்ணியிருந்தால்? (திருச்சி வாசகர்)

ப: நியாயமான சந்தேகம். ஒருகாலத்தில் கால்தடத்தை வைத்துத்தான் எண்ணினார்கள். அப்படி எண்ணிப் புலி உண்டு என்று சொல்லிவந்த ராஜஸ்தானின் சரிஸ்காவில், 2005 வாக்கில் புலியே இல்லை என்று தெரிந்து நாடே வெட்கப்பட்டது. இப்போது தானியங்கி கேமராக்கள். ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இருக்காது. ஒரே புலிக்கே வலப்பக்க வரி வேறு, இடப்பக்க வரி வேறு. அதனால் பாதையின் இருபுறமும் எதிரெதிரே இரண்டு கேமரா கட்டுவார்கள். கர்நாடகத்தின் நாகரஹொளேயில் புலி ஆராய்ச்சியாளர் உல்லாஸ் கரந்த் 1990களில் நிலைநிறுத்திய முறை இது. முதலில் பதிவான புலிகளில் எத்தனை மறுபடியும் பதிவாகின்றன என்று பார்த்து, கேமராவில் சிக்காதவற்றையும் கணக்குப் போட்டுச் சேர்க்கிறார்கள். ஆகவே அது தலை எண்ணிக்கை அல்ல, மதிப்பீடு.

2018 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா. கிடைத்தவை சுமார் 3.49 கோடிப் படங்கள். புலி இருந்தது 76,651-இல். அதாவது ஏறக்குறைய 450 படத்துக்கு ஒன்று. மதுரை வாசகி கவனிக்க.

கே: குஞ்சுக்குத் தாய்ப்பறவை இரை ஊட்டும் அருமையான படம் என்னுடையது. போட்டியில் தள்ளிவிட்டார்களே! (நெல்லை வாசகர்)

ப: கூட்டை மறைத்த இலையை ஒதுக்கினீர்களா? அந்த இலைதான் குஞ்சுக்குக் கூரை, காக்கைக்குத் திரை. நீங்கள் பக்கத்தில் நிற்கும் நேரமெல்லாம் தாய் இரையோடு தள்ளியே காத்திருக்கும், குஞ்சு பட்டினி. காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதையும் 1972 வனவிலங்குச் சட்டம் ‘வேட்டை’ என்றே சொல்கிறது, துப்பாக்கி கட்டாயமில்லை. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. உங்களிடம் கேட்பது ஒரு ‘கிளிக்’.

கே: ஆந்தைக் குரலை போனில் போட்டால் உடனே வருகிறதே, தப்பா? (கோவை வாசகர்)

ப: உங்களைப் பார்க்கவா வருகிறது? தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று பதறி வருகிறது. வீட்டுக்குள் திருடன் என்று பொய் சொல்லி ஒருவரை வெளியே வரவழைத்துப் படம் எடுப்பீர்களா?

கே: வால்பாறைச் சாலையில் யானை ஒன்று காதை விரித்து, அசையாமல் என்னையே பார்த்து நின்றது. ஃபோகஸ் பண்ண நல்ல அவகாசம். அப்படியொரு போஸ் மறுபடி கிடைக்குமா? (பொள்ளாச்சி வாசகர்)

ப: அது போஸ் இல்லை ஐயா, நோட்டீஸ்.