வராத குழந்தையை யார் எண்ணுவது?

கேள்வி: தடுப்பூசி போட்ட கணக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கிறதே, பிறகு ஏன் வீடு வீடாகப் போய்க் கேட்கிறார்கள்?

பதில்: பதிவேட்டுக்கு வந்த குழந்தையைத்தான் தெரியும். வராத குழந்தையைத் தேடி நாம்தான் போக வேண்டும்! போட்ட ஊசிகளை உத்தேசமான குழந்தைத் தொகையால் வகுத்தால், சில இடங்களில் நூறு சதவீதத்தையும் தாண்டிவிடும். வெளியூர்க் குழந்தைகள் அங்கே வந்து போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அதனால்தான் தேசியக் குடும்பநல ஆய்வில் வீடு வீடாகப் போய், 12 முதல் 23 மாதக் குழந்தைகளைப் பார்க்கிறார்கள். முதல் வருட ஊசிகள் முடிந்திருக்க வேண்டிய வயது. தாய்க்கும் ஞாபகம் மங்கியிருக்காது. முதலில் அட்டையைக் கேட்பார்கள். பீரோவில் ரேஷன் கார்டோடு மடித்துவைத்த அட்டை கிடைத்தால், தேதிகளை வரிசையாக எழுதிக்கொள்வார்கள். கிடைக்காவிட்டால், "தோளில் தழும்பு விழுகிற ஊசி போட்டீங்களாம்மா? போலியோ சொட்டு மருந்து எத்தனை தடவை?" என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை.

காசநோய், தட்டம்மைத் தடுப்பூசிகள், மூன்று தவணை போலியோ, மூன்று தவணை முத்தடுப்பு ஆகிய எல்லாம் பெற்ற குழந்தைகள் 2015-16இல் இந்தியாவில் 62 சதவீதம், 2019-21இல் 76.4. தமிழ்நாட்டில் 69.7இலிருந்து 89.2 ஆனது. அருமையான ஏற்றம்! ஆனாலும் பத்தில் ஒரு குழந்தை விடுபட்டிருந்தது. தட்டம்மை பரவாமலிருக்க 95 சதவீதம் தேவை.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் தடுப்பூசி அட்டையை இன்றே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.