படுக்கை நடக்கும்!

கே: ஒரகடத்தில் நின்றபடியே வேலை பார்க்கும் அப்பாவுக்குச் சர்க்கரை. நடந்தால் கெண்டைக்கால் இழுக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் கால் ரத்தக்குழாய் தெரியுமா?
— வாசகி, மணிமங்கலம்

ப: தெரியும். கால் அசையக் கூடாது, படுக்கைதான் நடக்கும்! கையில் ஏற்றிய கேடோலினியம் மருந்து இடுப்பிலிருந்து பாதத்துக்கு ஓட, படுக்கை நகர்ந்து நகர்ந்து படமெடுக்க வைக்கும். முழங்காலுக்குக் கீழேதான் வம்பு: மருந்து சிரைக்குள் திரும்பினால் தமனி மறைந்துவிடும். அதற்காகத் தொடையில் பி.பி. பட்டை கட்டி, 50, 60 மி.மீ. அழுத்தத்தில் சிரையைத் தாமதப்படுத்துவார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருந்தே இல்லாத 'க்விஸ்' முறை உண்டு. அமெரிக்காவின் ராபர்ட் எடல்மன் குழு 2010இல் வெளியிட்டது.

ஆனால் முதலில் கணுக்கால் பி.பி.யைக் கை பி.பி.யால் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அம்மா. 0.9க்குக் கீழென்றால் அடைப்பு இருக்கலாம். சர்க்கரையால் தமனி இறுகியிருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றும். அப்போது கால் விரலில் அளப்பார்கள்.