கரையையே ஈந்த வள்ளல்கள்

பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான். திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கரையையே கப்பல் கப்பலாக அள்ளி அக்கரைக்கு ஈந்த நம் பெருந்தகைகளின் முன்னே அவ்விருவரும் கஞ்சர்கள். 1957இல் கனிய மணலுக்கென்றே கூட்டுத்தாபனம் கண்டு, போர் இடைமறித்த காலம் போக, ஆட்சிகள் எத்தனை மாறியும் கை சிவக்கச் சிவக்கக் கொடுத்து வருகிற மரபன்றோ இது!

அந்தக் கரையில் நண்பகலில் வெறுங்காலோடு நின்று பார்த்தவர்க்குத் தெரியும், மணல் எவ்வளவு கறுப்பென்று. இல்மனைட் என்னும் கனிமம் அது. அதற்குள்தான் உலகின் வெள்ளைகளில் எல்லாம் வெள்ளையான டைட்டேனியம் டயொக்சைட்டு ஒளிந்திருக்கிறது. சுவருக்குப் பூசும் பெயின்ற், காகிதம், பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் அதுவே வெண்மை.

கேரளத்துக் கொல்லம் பக்கத்துச் சவறையில் உள்ளவர்கள் பாவப்பட்டவர்கள். இல்மனைட்டைப் பக்குவப்படுத்தி, கரியோடு சேர்த்து, ஏறத்தாழ 900 பாகைச் சூட்டில் குளோரின் ஓட்டத்தில் விடுகிறார்கள். எழும் ஆவியை ஒட்சிசனில் எரித்து வெண்பொடி எடுக்கிறார்கள். மீளும் குளோரினை மறுபடியும் உள்ளே அனுப்புகிறார்கள். ஆறுபோல இடையறாது ஓடும் வினை. சூடு, அழுத்தம், வாயுவின் கலவை என நொடிக்கு நொடி கருவிகள் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆவியில் ஈரக்காற்று பட்டால் அமிலப்புகை கிளம்பிவிடும். என்ன கண்விழிப்பு, என்ன வேதனை!

நம் பிள்ளைகளுக்கு அந்தத் துன்பம் வரவிடாத தாயுள்ளத்தை எந்த நாவால் போற்றுவேன்? பேராதனையிலும் மொரட்டுவையிலும் இரசாயனப் பொறியியல் படித்தவர்கள் விமானம் ஏறி அயலார் ஆலைகளில் விழித்திருக்கலாம். ஊரில் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். பரந்தனில் ஒருகாலத்தில் குளோரின் வடித்த ஆலையைப் போர் ஓயவைத்தது. போர் முடிந்த பின்னும் அதை எழுப்ப அவசரப்படாத பொறுமை பூமாதேவிக்கும் வாய்க்காது.

கண்காணிப்பு நம்மிடம் இல்லையென்று எவரும் நாக்கூசாமல் சொல்லிவிட முடியாது. லொறி தராசில் ஏறியதும் எடை உடனே தெரிகிறது. அதைக் கொப்பியில் எழுதுகிறார்கள். கப்பலில் ஏறிய தொன்னையும் எழுதுகிறார்கள். மணலுக்குள் ஒளிந்திருக்கும் வெண்மையை வெளியே இழுத்து அதன் அந்தரங்கத்தில் தலையிடாத நாகரிகம் அவர்களுடையது.

பிறகு அம்மணலின் சுற்றத்தார் வெள்ளுடை பூண்டு பெயின்ற் வாளிகளில் வந்திறங்க, நாம் டொலர் எண்ணிக் கொடுத்து மாலையிட்டு வரவேற்கிறோம்.

கப்பல் போன பின் துறையில் சிந்திய கரும்பொடியைத் தொழிலாளி ஒருவர் துடைப்பத்தால் கூட்டி ஒதுக்குகிறார். ஒரு வாளி தேறும். அது மட்டும் இந்நாட்டிலேயே தங்கிவிட்டது. அக்குறையையும் அடுத்த கப்பலில் ஏற்றித் தீர்த்துவைப்பார்கள், நம் வள்ளல்கள்.