வருதா?

எண்பதுகளில் புளியங்குடி மொட்டை மாடிகளுக்கென்று ஒரு பாஷை இருந்தது. மேலே அப்பா, மூங்கில் கம்பில் கட்டிய ஆன்டெனாவைத் தென்கிழக்காகத் திருப்பி இலங்கை ரூபவாஹினியைப் பிடிக்கப் போராடுவார். "வருதா?" என்பார். கீழே நான் புள்ளிமழையைப் பார்த்துக்கொண்டு, "வருது... வருது... போச்சு!" என்பேன்.

இப்போது மாடியில் நான். கீழிருந்து அம்மாதான் கேட்கிறாள்: "ஏல, என்னத்தல வருது?"

எங்கள் டி.டி.எச். டிஷ் ரீசார்ஜ் நின்ற நாளிலிருந்து, ரிட்டயரான தாசில்தார் மாதிரி வானத்தை முறைத்துக்கொண்டே நின்றது. அதற்கு வீட்டில் ஏகப்பட்ட பாத்தியதைக்காரர்கள். பழைய இரும்புக்காரர் கிலோ கணக்கில் கேட்டார். அப்பாவுக்குக் காக்காவுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும். அம்மாவின் உரிமைதான் வலுவானது. எங்களூர் எலுமிச்சைச் சந்தையில் விலை விழுந்தால் விற்காத மூட்டை வீட்டுக்குத்தான் வரும். பிளந்து உப்புப் போட்டுக் காயவைக்க இரண்டடி அகலத் தாம்பாளம் சும்மா கிடைக்குமா?

நான் சொன்னேன்: "அம்மா, டிஷ் வெறும் கண்ணாடி மாதிரி. உசுரு அதுக்கு முன்னால மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குல்லா, எல்.என்.பி., அதுலதான் இருக்கு."

"அப்ப மூக்க நீ எடுத்துக்கோ. தட்ட எனக்குக் குடு."

பாகப்பிரிவினை இப்படி முடிந்திருக்கும். ஆனால் மூக்குக்கு முகம் வேண்டியிருந்தது. செயற்கைக்கோள் இருப்பது 36,000 கிலோமீட்டர் உயரத்தில். அங்கிருந்து வரும் 11, 12 கிகா ஹெர்ட்ஸ் அலை, நம் மாடியைத் தொடும்போது பட்டினி கிடந்தவன் குரல் போல ஆகிவிடும். டிஷ் அதைத் திரட்டிக் கொடுத்தால்தான் எல்.என்.பி.க்குக் காது கேட்கும். அவ்வளவு பெரிய அதிர்வெண் கேபிளில் இறங்காது என்பதால் எல்.என்.பி. அதிலிருந்து 9,750 மெகா ஹெர்ட்ஸைக் கழித்து மிச்சத்தை மட்டும் கீழே அனுப்பும். சம்பளத்தில் பிடித்தம் போக வீட்டுக்கு வருவது போல.

இந்தக் கழித்தலில்தான் என் பொழுதுபோக்கு பிறந்தது. 2018 நவம்பரில் கத்தார் அனுப்பிய எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோளில், அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பேசிக்கொள்ள ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த அரட்டை கீழே இறங்குவது 10,489.5-இல். 9,750-ஐக் கழித்தால் 739.5. கம்ப்யூட்டரில் செருகும் கட்டைவிரல் அளவு டி.வி. டாங்கிளுக்கு அது எட்டும் தூரம். அவர்களோடு பேச வேண்டுமானால் பரீட்சை எழுதி உரிமம் வாங்க வேண்டும். நான் காது மட்டும் கொடுக்கிற கட்சி. எல்.என்.பி.க்கு 13 வோல்ட் கொடுப்பது பழைய செட்டாப் பாக்ஸ். படம் காட்டும் உத்தியோகம் போய், கரண்ட் பில் கட்டும் குடும்பத் தலைவராக அது மூலையில் உட்கார்ந்திருக்கிறது.

தென்கிழக்கே பார்த்துப் பழகிய டிஷ்ஷை மேற்கே, மலைக்கு மேலே முப்பது டிகிரிக்குத் திருப்ப மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. நான்காவது ஞாயிறு காலையில் ஒரு ஜெர்மன்காரர் கம்பீரமாகப் பேசினார். புல்லரித்துவிட்டது. ஆனால் எங்களூர் வெயிலைப் பற்றி எல்.என்.பி. செய்தவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சூடு ஏற ஏற அதன் அதிர்வெண் நகர்ந்துவிடும். டி.வி. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. இந்தப் பேச்சுக்கு ஒரு நூல் பிசகினாலும் சுருதி போய்விடும். பதினோரு மணிக்கு அதே ஜெர்மன்காரர் கார்ட்டூன் வாத்தாகிவிட்டார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமா கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தார்.

"மருமவனே, ஓசியில எத்தன சேனல் வருது?"

"ஒண்ணு மாமா."

"படமா?"

"இல்ல, பேச்சு."

"தமிழா?"

"ஜெர்மன்."

மாமா ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். சாயங்காலம் அம்மா சங்கரன்கோவில் புற்றுமண்ணை எடுத்துவந்து என் நெற்றியில் பூசினாள்.

எனக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. செயற்கைக்கோள் வழியாக உலகமே பேசிக்கொள்ளலாம் என்று 1945-லேயே எழுதிய ஆர்தர் சி. கிளார்க்குக்கு, 1975-இல் கொழும்பு வீட்டிலேயே இஸ்ரோ பொறியாளர்கள் வந்து ஒரு டிஷ் நிறுவிக் கொடுத்தார்கள். அவருக்கு யாரும் புற்றுமண் பூசியதாகத் தெரியவில்லை.

போன வாரம் அடுத்த கட்டத்துக்குப் போனேன். டிஷ் பூட்ட வருகிறவர்கள் வைத்திருக்கும் சாட்டிலைட் ஃபைண்டர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. முள் ஏறினால் கீச்சிடும். எல்.என்.பி.யைக் கழற்றிக் கையில் பிடித்துச் சும்மா திருப்பிப் பார்த்தேன். வெற்று வானத்தைக் காட்டினால் முள் படுத்துக்கொள்கிறது. சுவரைக் காட்டினால் எழுந்துவிடுகிறது. சூடுள்ள எந்தப் பொருளும் இந்த அலையைக் கொஞ்சம் கசியவிடும், வானம் குளிர்ந்தது. ஆனால் முழுக்கக் குளிர்ந்ததல்ல. 1964-இல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் தங்கள் ஆன்டெனாவில் ஓயாமல் ஓர் இரைச்சல் வருகிறதே என்று, உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களைத் துரத்தி எச்சத்தைக் கழுவிப் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. அது பிரபஞ்சம் பிறந்தபோது இருந்த சூட்டின் மிச்சம். 1978-இல் நோபல் பரிசு வாங்கினார்கள். நானும் காக்கா எச்சத்தைக் கழுவிவிட்டுத்தான் காத்திருக்கிறேன்.

இதையெல்லாம் நினைத்தபடி திரும்பினேன். கையிலிருந்த எல்.என்.பி.யும் திரும்பியது. கீச்சென்று ஒரு சத்தம். முள் விறுவிறுவென்று ஏறியது. எதிரே அம்மா, இடுப்பில் உப்பெலுமிச்சைச் சட்டியோடு.

"என்னல அது, என்னையப் பாத்துக் கத்துது?"

"நீ சூடா இருக்கேன்னு சொல்லுதும்மா."

"இதுக்கு ஒரு மெசினாக்கும்? உங்கப்பாட்ட கேட்டா சொல்ல மாட்டாரா?"

சொல்லிக்கொண்டே, காலியாக இருந்த டிஷ்ஷை மல்லாத்தி எலுமிச்சையைப் பரப்பத் தொடங்கினாள்.