மூன்றிலக்கக்காரர்

கம்பம் பள்ளத்தாக்கில் சர்க்கார் நியமிக்காத உத்தியோகஸ்தர்கள் பலர் உண்டு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் என்றைக்குத் திறக்கப்படும் என்பதைக் கலெக்டருக்கு முன்பே அறிவிப்பவர், திராட்சை விலையை டீக்கடைப் பெஞ்சிலிருந்தபடியே நிர்ணயிப்பவர் என்று அந்த வரிசை நீளும். அவர்களில் கடைசியாக வந்து சேர்ந்தவரைத் தரிசிக்க விரும்புகிறவர்கள் ஆடி மாதத்துச் சனிக்கிழமையொன்றில் குச்சனூருக்குப் போக வேண்டும். சுரபி நதியில் ஸ்நானம் செய்து, எள் தீபம் ஏற்றி, காக்கைக்குச் சோறு வைத்து, சுயம்புவாய் எழுந்தருளியிருக்கும் சனீஸ்வர பகவானிடம் தத்தம் கஷ்டங்களை ஒப்படைத்துவிட்டுப் போக வந்திருக்கும் அந்தப் பெருங்கூட்டத்தின் நடுவே, கழுத்தில் காமிரா தொங்க, அதை ஒருபோதும் கண்ணுக்கு நேரே உயர்த்தாமல், பக்கத்தில் நிற்பவரின் காமிராவில் பொறித்திருக்கும் எண்ணையே உற்று நோக்கிக்கொண்டிருப்பவர் எவரோ, அவரே நமது மூன்றிலக்கக்காரர்.

அவரிடம் நெடுநாள் இருந்தது கேனன் 600டி. உலகத்தில் பூஜ்யம் ஏற ஏற மதிப்பும் ஏறுவதுதான் வழக்கம். காமிராக் கம்பெனிகளின் ராஜ்யத்திலோ கணக்கு தலைகீழ். 1டி, 5டி என்று ஓரிலக்கம் பெற்றவை உத்தமம்; 50டி, 60டி என்னும் ஈரிலக்கங்கள் மத்திமம்; 500டி, 600டி அதற்கும் கீழே; 1000டி, 1100டி என்று நான்கு இலக்கங்களைச் சுமப்பவை கடைசிப் பந்தி. நிக்கானும் இதே ஆசாரத்தைத்தான் அனுஷ்டித்தது: 2007-இல் டி3, டி300 இரண்டையும் ஒன்றாக அறிவித்து, 2009-இல் அவற்றின் காலடியில் டி3000-ஐ உட்கார வைத்தது. எதிரே வருகிறவருக்கு இரு கை கூப்புவதா, ஒரு தலையசைப்போடு நிறுத்துவதா என்பதை நம்மவர் இந்த இலக்கங்களைக் கொண்டே தீர்மானிக்கிறார். சின்னமனூரிலிருந்து கல்யாணங்களுக்குப் படம் எடுக்க வரும் ஸ்டூடியோப் பையனின் பழைய 5டி மார்க் 2-இல் வர்ணம் உதிர்ந்து உலோகம் தெரிகிறது. ஆனாலும் ஓரிலக்கம் ஓரிலக்கந்தானே! அவனைக் கண்டால் இவர் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுப்பார்.

இவரைக் கேலி செய்வது சுலபம். ஆயினும், இவர் நம்பும் அந்தஸ்து எவ்வளவு சாமர்த்தியமாகச் சமைக்கப்பட்டது என்பதை அறிந்தால் அனுதாபமே மேலிடும். 2003-ஆம் வருஷம் பிப்ரவரியில் 10டி என்ற ஈரிலக்கக் காமிராவை வெளியிட்ட கேனன், அதே வருஷம் ஆகஸ்டில் அதே 6.3 மெகாபிக்சல் சென்சாரை வெள்ளி வர்ணப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து, லென்ஸும் சேர்த்து ஆயிரம் டாலருக்குள் அடங்கும்படி, 300டி என்று நாமகரணம் செய்து சந்தைக்கு அனுப்பியது. ஜப்பானில் அதற்கு முத்தம் என்று பொருள்படும் ‘கிஸ்’ என்ற பெயர். அமெரிக்காவிலோ கலகக்காரன் என்று பொருள்படும் ‘ரெபெல்’. நமக்குப் பெயரில்லை, எண் மட்டுமே; கொஞ்சவும் வேண்டாம், கலகமும் செய்ய வேண்டாம், வரிசையில் நின்றால் போதும் என்று எண்ணினார்கள் போலும். விஷயம் அதோடு முடியவில்லை. 10டி-இல் இருந்த ஐஎஸ்ஓ 3200, பிளாஷ் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி முதலியவை 300டி-இல் இல்லை என்றார்கள். வெளியார் சிலர் அதன் மென்பொருளைத் திருத்திப் பார்த்தபோது அவை உள்ளேயே உறங்கிக்கொண்டிருந்தது வெளிப்பட்டது! வசதியைச் செய்து விற்பது பழைய வியாபாரம். செய்த வசதியைப் பூட்டி வைத்து, அது இல்லையே என்ற ஏக்கத்தை விற்பது புதிய வியாபாரம்.

அந்த ஏக்கத்துக்குக் காலக்கிரமமும் உண்டு. 2003 ஆகஸ்டில் 300டி. பிறகு 350டி, 400டி, 450டி, 500டி, 550டி. 2011 பிப்ரவரியில் 600டி. சரியாக ஏழரை வருஷத்தில் ஏழு அவதாரம். குச்சனூர்க்காரருக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி இலக்கத்துக்கு அடிமையானவர் லென்ஸ் விஷயத்தில் மட்டும் மகா விவேகி என்பதை நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். நிக்கான் 1959 முதல் லென்ஸ் மாட்டும் ஒரே வாயைக் கட்டிக் காத்தது. கேனன் 1987-இல் பழையதை உதறிவிட்டுப் புதியதைப் பிடித்தது. பிலிம் காலத்து லென்ஸ்களுக்காக வளைந்து கொடுக்காமல், அடியோடு டிஜிட்டலுக்கென்றே ஒரு முறையை அமைத்துக்கொண்டு 2003-இல் இ-1 காமிராவோடு வந்தது ஒலிம்பஸ். அதன் வாதத்தில் நியாயம் இருந்தது, லென்ஸ்களும் உயர்வானவை. நம்மவரோ ஒரே வாக்கியத்தில் தீர்ப்பளித்துவிட்டார்: “லென்ஸு நல்லாத்தான் இருக்கும் தம்பி. அவசரத்துக்கு இரவல் வாங்க இந்தப் பக்கத்துல ஒருத்தர்கிட்டயாச்சும் இருக்கா?” 2010-க்குப் பிறகு அந்த வரிசையில் புதிய டிஎஸ்எல்ஆர் வரவேயில்லை. பெரிய கம்பெனிகளின் ஆலோசனைச் சபைகளில் தேனி ஜில்லாவுக்கு ஓர் ஆசனம் ஒதுக்கினால் நஷ்டம் ஒன்றும் வராது என்பது என் அபிப்பிராயம்.

பிறகு கண்ணாடியில்லாக் காமிராக்களின் யுகம் பிறந்தது. 2023-இல் நம்மவர் கேனன் ஆர்50 வாங்கினார். ஈரிலக்கம்! வாழ்நாள் லட்சியம் நிறைவேறிய ஆனந்தத்தில் டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் வடை வழங்கினார். ஸ்டூடியோப் பையன் வடையை முழுதும் தின்று முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான்.

“தப்பா எடுத்துக்கிடாதீகண்ணே. எழுத்து முன்னாடி போயிருச்சு, பழைய கணக்கு செல்லாது. ஆர் வரிசையில இப்போதைக்கு இதுதாண்ணே கடைசி.”

சில வாரங்கள் அவரைக் கடைப் பக்கமே காணவில்லை. தமக்கு மேலே பலர் இருப்பதை அவர் என்றும் பொறுத்துக்கொண்டவர். கீழே ஒருவரும் இல்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. மே மாதம் கேனன் ஆர்100-ஐ அறிவித்தது: தொட்டால் அசையாத திரை, அதுவும் மடங்காத திரை. அடுத்த சனிக்கிழமையே குச்சனூர் வந்துவிட்டார். வழக்கமாக ஓர் எள் தீபம் ஏற்றுகிறவர் இரண்டு ஏற்றியதைக் கண்டு, இரண்டாவது யாருக்கு என்று விசாரித்தேன்.

“ஆர்100 வாங்கப் போறவுகளுக்கு,” என்றார், மெய்யான இரக்கத்துடன். “பாவம், அவுகளும் நல்லா இருக்கட்டும்.”