நிலாவெளிக் கடற்கரையில் ட்ரையத்லானின் நான்காம் பிரிவு: ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

நீந்தி, சயிக்கிள் மிதித்து, பிறகு காலால் ஓடி முடிக்கும் ஒற்றைப் போட்டியே ட்ரையத்லான் என்பது அறிஞர் துணிபு. ஒலிம்பிக்கில் இதன் அளவு 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் சயிக்கிள், 10 கிலோமீற்றர் ஓட்டம். இடையில் மணிக்கூடு நிற்பதில்லை. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் நேரமே போட்டியின் நான்காம் பிரிவு என்று மேலைநாட்டார் சொல்லிவருகின்றனர். இக்கட்டுரை அதை மறுக்கிறது. நிலாவெளிச் சான்றுகளின்படி நான்காம் பிரிவாவது, விளக்கம் சொல்லுதல்.

2. முன்னோர்

அயன்மேன் எனப்படும் நெடும்போட்டி 1978ஆம் ஆண்டு ஹவாயின் ஓவாஹூ தீவில் தொடங்கியது. நீச்சற்காரர் உறுதியானவரா, ஓட்டக்காரர் உறுதியானவரா என்றொரு வாக்குவாதம் அதற்கு முன்பே மூண்டிருந்தது. அதைத் தீர்க்க, ஜோன் கொலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி அங்கே தனித்தனியாக நடந்துவந்த மூன்று போட்டிகளைச் சேர்த்துக் கட்டினார். 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தனர். இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், நீச்சலுக்கும் சயிக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் முன்னே பேச்சு பிறந்துவிட்டது. வரலாற்று வரிசைப்படி அதுவே முதற்பிரிவு. பணிவு கருதி நான்காவதாக வைக்கிறோம்.

நம்மவரில் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையைப் போகவரவே நீந்திக் கடந்தவர். பின்னாளில் கொழும்பில் நாட்கணக்காகச் சயிக்கிளும் ஓட்டிச் சாதனை செய்தவர். மூன்றில் இரண்டு பிரிவுகளை நம் முன்னோர் இவ்வாறு முடித்துவைத்தபடியால், இக்கட்டுரைக்கு அதிக வேலை இல்லை.

3. ஆய்வு முறை

ஆய்வுக் காலம் ஆடி மாதம். வாடை தொடங்கிய பின் இக்கடலில் இறங்கினால், ஆய்வாளரைக் கடல் ஆராயத் தொடங்கிவிடும். போட்டியாளரும் நடுவரும் நேரம் குறிப்பவரும் ஆய்வாளர் ஒருவரே. ஆதலால் தரவுகளில் முரண்பாடு எழவில்லை; முதலிடமும் கடைசியிடமும் தகராறின்றி வழங்கப்பட்டன. நீச்சல், புறாத்தீவைப் பார்த்தபடி கரையோரமாக. சயிக்கிள், புல்மோட்டை வீதியில் இறக்கக்கண்டிப் பாலம் கடந்து குச்சவெளிப் பக்கம் போய்த் திரும்புவது. ஓட்டம், உப்பளப் பக்கமாக.

4. சான்றுகள்

சான்று ஒன்று, கடல். தோணியில் இருந்த ஐயா ஒருவர் கேட்டார்: "தம்பி, தோணி கவுண்டு போச்சோ?" இல்லை என்றதும், "அப்ப ஏன் தண்ணிக்குள்ள நிக்கிறாய்? ஏறு" என்றார். களைத்தவர் நகராத படகைப் பிடித்து இளைப்பாறலாம், அதனால் முன்னேறக் கூடாது என்பது விதி. பிடித்துக்கொண்டு கதைக்கலாமா என்பதில் விதிநூல் மௌனம் சாதிக்கிறது. ஆய்வாளர் பிடித்தார், கதைத்தார், ஐயாவின் மகளுடைய கலியாணம் வரை கதை போயிற்று.

சான்று இரண்டு, வீதி. தேத்தண்ணிக் கடை வாசலிலிருந்து: "என்ன தம்பி இந்தப் பறப்புப் பறக்கிறாய்? வீட்டில ஆருக்கும் சுகமில்லையோ?"

சான்று மூன்று, ஓட்டம். பக்கத்தில் ஊர்ந்து வந்த ஓட்டோக்காரர்: "சயிக்கிள் எங்க தம்பி? களவு போச்சோ? ஏறுங்க, பொலிசுக்குப் போவம்." வெளியார் உதவி பெற்றால் தகுதி நீக்கம் என்ற விதியை அவருக்கு விளக்கி முடிக்க, ஓட்டத்தின் பெரும்பகுதி செலவாயிற்று.

மூன்று கேள்விகளையும் கூட்டினால் கிடைப்பது: தோணி கவிழ்ந்து, வீட்டில் ஒருவர் கடுமையாகி, வழியில் சயிக்கிளையும் பறிகொடுத்த ஒரு மனிதர். இச்செய்தி, ஓட்டத்தின் திருப்புமுனைக்கு ஆய்வாளருக்கு முன்னரே போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே ஓர் அக்கா செம்பில் தண்ணீரும் ஆறுதல் வார்த்தைகளும் வைத்துக்கொண்டு நின்றார். ஆய்வாளர் தண்ணீரைக் குடித்த வேளையில் நடுவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

5. மாற்றுக் கொள்கைகள்

மணலே நான்காம் பிரிவு என்பார் உளர். ஈரக் காலில் ஒட்டிய நிலாவெளி மணலுடன் காலுறை போடுவது கடினம் என்பது மெய்தான். ஆனால் மணல் கேள்வி கேட்பதில்லை. கச்சான் காற்றை முன்மொழிவோரும் உளர். போகையில் தோழனாகவும் திரும்புகையில் கடன்காரனாகவும் நடந்துகொள்ளும் இக்காற்று, முகத்தில் அடிக்குமேயன்றிக் காரணம் விசாரிக்காது. எனவே இரண்டும் தள்ளப்படுகின்றன.

6. விவாதம்

இந்தக் கரையில் கடலில் இறங்குவோர் வலைக்காக இறங்குவர். சயிக்கிள் மிதிப்போர் வேலைக்கோ சந்தைக்கோ போவர். ஓடுவோர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவர். காரணமில்லாமல் ஒன்றைச் செய்தாலே ஊர் விசாரிக்கும். மூன்றையும் அடுத்தடுத்துச் செய்பவர் மூன்று கணக்குக் காட்டவேண்டியவராகிறார். இது குறுக்கீடு அன்று. ஆள் தாண்டுபோனால் தூக்கிவிடும் ஊரின் முன்னெச்சரிக்கை. ஒலிம்பிக்காரருக்கு இந்த வசதி கிடையாது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் ட்ரையத்லான் ஒலிம்பிக்கில் அறிமுகமானபோது, பெண்கள் பிரிவில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடைவெளி ஏறத்தாழ 2 விநாடி. அந்த நேரத்துக்குள் நிலாவெளியில் ஒருவருடைய சுகத்தைக்கூடக் கேட்டு முடிக்க இயலாது.

7. பரிந்துரை

பதில்களை முற்கூட்டியே அச்சடித்தால் நேரம் மிஞ்சும் என்று கருதி, சேட்டின் முதுகில் "தோணி கவிழவில்லை, வீட்டில் எல்லாரும் சுகம், சயிக்கிள் பத்திரம்" என்று எழுதிப் பரிசோதிக்கப்பட்டது. ஓட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து, மூன்று வரியையும் நிதானமாக வாசித்து, ஆய்வாளரின் பக்கத்துக்கு வந்து கேட்டார்:

"அப்ப என்னதான் தம்பி பிரச்சினை?"