மணலா, வெறுந்தரையா? தொட்டியைப் பாழாக்க ஒரு கைநூல்

பவளத் தொட்டி வைப்பதென்று முடிவுசெய்தாயிற்றா? முதல் வேலை, கட்சியில் சேர்வது. அடியில் மணல் போடுபவர்கள் ஒரு கட்சி, கண்ணாடியை அப்படியே விடுபவர்கள் எதிர்க்கட்சி. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே சேர்ந்துவிடுங்கள். மீன் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

மணல் கட்சி என்றால் மாவு போன்ற அரகோனைட் மணலைப் பத்து, பதினைந்து சென்டிமீட்டர் கனத்துக்குக் கொட்டுங்கள். ஆக்சிஜன் எட்டாத அடிமணலில் பாக்டீரியாக்கள் கழிவிலிருந்து வரும் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்பிவிடும். 1980-களிலேயே மொனாக்கோவில் ழான் ஜோபெர் மணலுக்கடியில் நீர் நிற்க இடைவெளி விட்டு இதைச் செய்துகாட்டினார் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுங்கள். யாராவது பாஸ்பேட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும், "காபி சாப்பிடுறீங்களா?" என்று எழுந்துவிடுங்கள். அதற்கு வாயுவாகிப் பறக்கிற வழியே கிடையாது. மணலின் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டு வைப்புநிதி மாதிரி கிடக்கும். சில வருஷம் கழித்து வட்டியோடு திரும்பி வரும், பாசியாக. அப்போது பதறிப்போய் மணலை அடிவரை கிளறுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். அதுதான் ஹைட்ரஜன் சல்பைடு.

வெறுந்தரைக் கட்சியில் மணல் செலவு மிச்சம். அந்தக் காசு அலை பம்புகளுக்குப் போய்விடும். கழிவு எங்கும் உட்காராமல் சுழன்று, அதை நுரையோடு பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரில் போய் விழ வேண்டும் என்பது கட்சிக் கொள்கை. கழிவு அந்தக் கொள்கையைப் படித்ததில்லை. பாறைக்குப் பின்னால் ஒரு மூலை பார்த்துக் குடியேறிவிடும். வாராவாரம் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கலாம்தான். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே, மணலுக்குள் புதைந்து தூங்கும் ராஸ் மீன் ஒன்றையும் வாங்கி விடுங்கள். எங்கள் வீட்டு ராஸ் முதல் நாள் ராத்திரி கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த அத்தை, "ஏண்டா, அதுக்கு ஒரு பாயாவது போட்டுக் குடேன்" என்றார். ஒரு கிண்ணத்தில் மணல் நிரப்பி உள்ளே வைத்தேன். அந்தத் தொட்டிக்கு யாராவது சொன்ன ஒரே உருப்படியான யோசனை அதுதான். நீங்கள் வைத்துவிடாதீர்கள், கட்சியை விட்டு நீக்கிவிடுவார்கள்.

அடுத்து, நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்யமாக்குங்கள். கடலின் பவளத் திட்டிலும் தண்ணீர் கிட்டத்தட்ட அப்படித்தான் என்று வாதாடலாம். அங்கே ஒவ்வொரு அலையும் மிதவை உயிர்களைக் கொண்டுவந்து ஊட்டுகிறது என்பதை விட்டுவிடுங்கள். பட்டினியில் பவளம் வெளிறும். போட்டிக்கு ஆளில்லாத இடத்தில் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் பழுப்புச் சளியாகப் படரும். நைட்ரேட் 5 பிபிஎம், பாஸ்பேட் 0.05 என்று கொஞ்சம் அழுக்கோடு காலம் தள்ளுகிறவர்களைக் கண்டால் இரக்கப்படுங்கள். அவர்கள் பவளம் செழிப்பது வெறும் அதிர்ஷ்டம்.

தீனி விஷயத்தில் மட்டும் இரு கட்சிக்கும் ஒரே விதி. உறைந்த மைசிஸ் இறால் கட்டியை, உருகிய சாற்றைக்கூட வடிக்காமல், ஒன்றுக்கு இரண்டாகப் போடுங்கள். மீன் கண்ணாடியருகே வந்து முகத்தைப் பார்த்தால் மூன்றாவது. நைட்ரேட், பாஸ்பேட் அளவு ஏறினால் பழியைத் தரைமேல் போடுங்கள். மணல் இருந்தால் அள்ளுங்கள், இல்லையென்றால் கொட்டுங்கள்.